முகத்தை மூடித் தூங்கும் ஊர்

இந்த ஊரில் மனிதர்கள் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறார்கள். சென்னைக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் இதைத் தெரிந்துகொண்டேன். பட்டினப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்க் கோயிலுக்கு என் கணவர் பாபு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வழியில் ஷட்டர் இறக்கிய கடைகளின் வாசலில் ஆட்கள் வரிசையாகக் கிடந்தார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை துணி. கை தெரியவில்லை, கால் தெரியவில்லை, ஒரு மயிர்க்கற்றைகூட வெளியே இல்லை. நான் பாபுவின் சட்டையைப் பிடித்து இழுத்து நின்றுவிட்டேன். அவருக்கோ ஒன்றும் புரியவில்லை. பர்ஸைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து என் தோள்பையைத் தடவிப் பார்த்தார். அப்போது வரிசையில் கிடந்த ஒருவர் துணிக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டி, முழங்காலைச் சொறிந்துவிட்டு, கையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது. அன்றைக்குச் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திரும்பி வரும்போது அந்த வரிசையில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன்.

இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். தொலைபேசியில் பேசும்போது நீங்கள் எல்லோரும் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விகள்தான். கடல் பார்த்தாயா, தி.நகரில் சீலை எடுத்தாயா, வெயில் தாங்குகிறாயா. அங்கே ஆட்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நம்முடைய பூட்டன்மார் புறப்பட்டு வந்த நாடு இது என்று சொல்லித்தான் என்னை அனுப்பினீர்கள். அங்கே பிறப்புப் பதிவில் என்னை இந்தியத் தமிழர் என்று எழுதினார்கள். இங்கே வந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் ‘சிலோன்காரி’ என்கிறார்கள். அதெல்லாம் பரவாயில்லை, பழகிவிட்டது. எனக்குப் பழகாமல் போனது ஒரு பெட்ஷீட்தான்.

படுக்கை விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. அதுதான் என் பிழைப்பே. வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்கிப் படுக்கை போடும் வேலையில் பல வருடம் இருந்தேன். அங்கே ஒரு கட்டிலுக்குப் போடும் துணியை வைத்து நம் தோட்டத்து லயத்து ஒற்றை அறையில் ஒரு குடும்பமே படுத்து எழும்பலாம். மெத்தைக்கு மேல் அழுக்குப் படாமல் ஒரு தடித்த உறை. அதன் மேல் நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த ஃபிட்டட் ஷீட். அதற்கு மேல் ஃபிளாட் ஷீட். அதைக் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் இறுகச் செருக வேண்டும். பிறகு டூவே என்று பஞ்சு பொதிந்த போர்வை, அதற்கு ஒரு சட்டை. கடைசியாகக் கால்மாட்டில் குறுக்கே ரன்னர் என்று ஒரு பட்டைத் துணி, அது எதற்கென்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இவ்வளவும் போட்ட பிறகு தலைமாட்டில் ஒரு முழம் மடித்துத் திறந்து வைக்க வேண்டும். அந்த மடிப்புக் கோணினால் மேற்பார்வையாளர் அத்தனையையும் உருவிப் போட்டுவிடுவார். தூங்குகிறவர் முகம் வெளியே இருக்க வேண்டும் என்பதை உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பாபு அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்தில், லாண்டரியில் வேலை செய்தார். கறை போகாத ஷீட்டை மேலே அனுப்பியதற்குச் சண்டை போடப் போன இடத்தில்தான் அவரைத் தெரியும். சண்டை கல்யாணத்தில் முடிந்தது. இப்போது அவருக்கு அடையாறில் ஒரு சலவை நிலையத்தில் வேலை. எனக்குத் தி.நகரில், வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மெண்ட் ஒன்றில் அதே படுக்கை போடும் வேலை. கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள்தான் அங்கே அதிகம் தங்குவார்கள். நான் இறுகச் செருகி வைத்த ஃபிளாட் ஷீட்டின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்வார்கள். டூவேயைச் சின்ன மெத்தை என்று நினைத்துச் சுருட்டிக் குழந்தை விழாமல் ஓரத்தில் அணை கட்டிவிடுவார்கள். ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு கீழே ஃபோன் செய்து, போர்வையே வைக்கவில்லையே என்று கோபிப்பார்கள். நான் போய் அவர்கள் காலுக்கு அடியிலிருந்தே போர்வையை உருவிக் கொடுப்பேன். அவர்களையும் குறை சொல்ல முடியாது. போர்த்திக்கொள்வது என்றால் மடித்துத் தலையணைப் பக்கத்தில் இருக்க வேண்டும், செருகி வைத்திருந்தால் அது விரிப்பு. அது இந்த ஊர் நியாயம்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. ஹவுசிங் போர்டு மாடியில் ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. அதில் நான், பாபு, பாபுவின் அம்மா கன்னியம்மா. எங்கள் வழக்கப்படி முதல் நாள் அவரை மாமி என்று கூப்பிட்டேன். “நான் இன்னா ஐயர் ஊட்டு மாமியா? அத்தன்னு கூப்டு” என்று சிரித்தார். அன்றிலிருந்து அத்தை. அத்தை மீன் விற்பவர். இருட்டோடு எழுந்து மற்றப் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பார். மதியம் வரை மந்தைவெளி ரோட்டோரத்தில் விற்பார். பிறகு படியேறி வந்து, மீன் வைத்த அலுமினிய அன்னக்கூடையைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குளித்து, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் பாயில் சாய்வார். அந்தக் கூடையைக் கழுவாமல் அவர் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. கவுச்சி வாசத்தோடு படுத்தால் லட்சுமி வீட்டுக்குள் வரமாட்டாள் என்பார். வருகிற ஈயைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்.

அவர் வீட்டில் கோரைப்பாய்கள் உண்டு, விருந்தாளிக்கென்று பீரோவுக்கு மேல் ஒரு ஜமக்காளம் உண்டு, பாபுவுக்குப் பழைய லுங்கி ஒன்று போர்வையாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. மற்றதெல்லாம் பெட்ஷீட். விரித்தாலும் பெட்ஷீட், போர்த்தினாலும் பெட்ஷீட், ஜன்னலில் கட்டினாலும் பெட்ஷீட். நான் கொண்டுவந்த கம்பளியை அவர் விரித்துப் பார்த்துவிட்டு, இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு, நீ என்ன கரடியா என்று கேட்டார். அது என் அம்மாவின் கம்பளி. தோட்டத்தில் மழையில் கொழுந்து பறிக்கும்போது தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, இரவில் அதையே காயவைத்துப் போர்த்திக்கொள்கிற கறுத்த முரட்டுக் கம்பளி, உங்களுக்குத் தெரியாததா. ஹோட்டல் விடுதியின் ஏசிக்கு ஆகும் என்று கொடுத்தனுப்பினாள். அத்தை அதை இரண்டு அந்துருண்டைகளோடு சேர்த்துப் பரணில் போட்டுவிட்டார்.

நான் வந்த வாரத்திலேயே அது நடந்தது. வேலைக்குச் சேராத நாட்கள் அவை. மதியம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கூடத்தின் நடுவில், நீலப்பூப் போட்ட பெட்ஷீட்டுக்கு அடியில், அத்தை மல்லாந்து கிடந்தார். முகம் மூடியிருந்தது. பாதம் இரண்டும் சேர்ந்து மேலே நிமிர்ந்திருந்தது. துணியின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. தூங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அரைமணி நேரம் முன்புதான் என் குழம்பில் புளி போதவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தவர். தெரிந்தும் என் கை நிற்கவில்லை. தலைமாட்டில் குந்தி, துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“இன்னாடி, பொணம் பாக்குறியா?” என்றார்.

நான் செய்துகொண்டிருந்தது அதுதான்.

என் அம்மா போன விதம் உங்களில் பலருக்குத் தெரியும். மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் எங்கள் லயத்துக்கு மேலிருந்த மேடு சரிந்து வந்தது. நான் வளைகுடாவிலிருந்து வந்து சேர்ந்தபோது மண்ணிலிருந்து எடுத்தவர்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். நகரத்துக் கடைக்காரர்கள் தானமாகக் கொடுத்த பெட்ஷீட்டுகள். எல்லாம் புதுசு. கடை மடிப்புக் கலையாமல், ரோஜாப்பூவும் மயிலும் கரடிப்பொம்மையுமாக. யாருக்கு எது என்று யார் பார்த்தார்கள், கைக்கு வந்ததைப் போர்த்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓரத்தைத் தூக்கு, பார், மூடு. அடுத்தது. எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் வந்தன. சங்கக் கடைக்கார அண்ணன் வந்தார். என்னோடு படித்தவள் வந்தாள். ஒவ்வொரு முறையும் இது அம்மா இல்லை என்று மனசு சந்தோஷப்பட்டது, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கரடிப்பொம்மை போட்ட துணிக்கு அடியில் அம்மா இருந்தாள். சின்ன வயதில் குளிருக்குக் கம்பளிக்குள் தலையை விட்டால் வெளியே இழுத்துவிட்டு, முகத்தை மூடுவது செத்தவர்களுக்குத்தான் என்று குட்டுவாள். அவள் காலை மூடி, கையை மூடி, மடிப்பை நீவி, கடைசியாக முகத்தை நான்தான் மூடினேன்.

இதை அத்தையிடம் சொல்லியிருக்கலாம். மண்சரிவில் அம்மா போனாள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அந்த மண்டபத்தைப் பற்றி பாபுவிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன், அதற்கே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதனால் சொல்லாமல் திருடியைப் போல் திரிந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகும், மதியம் வீடு திரும்பியதும் முதல் வேலை அதுதான். செருப்பைக் கழற்றி, பூனை மாதிரி நடந்து, ஓரத்தைத் தூக்கி, மூக்கில் காற்று வருகிறதா என்று பார்ப்பேன். சில நாள் தப்பித்தேன். பல நாள் பிடிபட்டேன். ஈ போகிறது என்று ஒருநாள் சொன்னேன், ஃபேன் காற்றில் துணி விலகியது என்று ஒருநாள் சொன்னேன். சொன்ன பொய் எனக்கே மறந்து போய், மறுபடி ஈயையே சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து வந்தது. பாபுவை நடுவில் உட்காரவைத்து அத்தை பேசினார். அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு அதிகம் பயம்.

“காலைலேந்து ஊர்ல கீற மூஞ்சியெல்லாம் பாத்துக்கினு கீறேன். இந்த ஊட்ல எனக்குன்னு ஒரு ரூம் கீதா? இத்த இஸ்து மூடிக்கினா அதான் என் ரூமு. உன் பொண்டாட்டி வந்து வந்து கதவத் தொறக்குறா. நான் எப்பப் போவேன்னு பாக்குறாளா?”

பாபு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம் என்பதும் புரிந்தது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் இருக்கிற ஒற்றைக் கூடத்தில், ஒரு மனுஷி தனக்கென்று எழுப்பிக்கொண்ட சுவர் அந்த நீலப்பூப் பெட்ஷீட். நான் இவ்வளவு நாள் மடித்த டூவேக்கள் எதற்கும் அந்த வேலை இருந்ததில்லை. அங்கே அறைக்குக் கதவு இருந்தது.

அத்தை சாமிப் படத்துக்கு முன் தட்டில் சூடம் ஏற்றினார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீறக் கூடாது. மீறினால் சத்தியம் செய்தவளை விட்டுவிட்டு அவள் வீட்டில் இருப்பவர்களைத்தான் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். அத்தையின் போர்வையை இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்லிச் சூடத்தை அடித்தேன். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு வட்டம். கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் தூரத்திலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். சமையல் மூலையில் உட்கார்ந்தால் நேராகத் தெரியும். வாய் இருக்கும் இடத்தில் துணி மெல்லக் குழியும், மெல்ல எழும். குழிந்தது எழும் வரை நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வெங்காயம் உரித்துக்கொண்டு அதைப் பார்ப்பேன், அரிசி களைந்துகொண்டு அதைப் பார்ப்பேன். மெல்லிய பருத்தித் துணியானதால் நன்றாகத் தெரிந்தது. தடித்த போர்வையாக இருந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். அத்தை எழுந்து, காப்பி எங்கே என்று கேட்கும் வரை எனக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் கண்ணில் படாது.

சித்திரை வெயில் நாள் ஒன்றில் இரண்டு மணி வாக்கில் படியேறி வந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தின் நடுவில் நீலப்பூப் பெட்ஷீட், அதனடியில் அத்தை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையல் மூலைக்குப் போய் உட்கார்ந்து, வழக்கம்போல வாய்ப்பக்கம் பார்த்தேன். துணி குழிந்தது, எழுந்தது. சரி, இன்றைக்கும் ஆயிற்று என்று சோற்றுப் பானையைத் திறந்தேன். சோறு அப்படியே இருந்தது. ஒரு கரண்டிகூட எடுத்த தடம் இல்லை. குளியலறை வாசலில் அன்னக்கூடை கிடந்தது. கழுவாமல், நிமிர்த்தியபடி, அடியில் மீன் செதிலும் ரத்தத் தண்ணீருமாக. ஈக்கள் எல்லாம் அன்றைக்குக் கூடையில் இருந்தன.

அத்தை என்று கூப்பிட்டேன். துணி குழிந்து எழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுத் தேவி வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். “தூங்குது யோகா, வுடு. இப்பத்தான் மேல ஏறிச்சு. வெயில்ல நின்னுகினு இருந்துச்சுல்ல” என்றாள். நான் கூடையைக் காட்டினேன். அவளுக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. அசதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பாபுவுக்கு ஃபோன் அடித்தேன். சலவை மெஷின் ஓடும் இடத்தில் அவருக்குக் கேட்காது, தெரியும், இருந்தும் அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

போய்த் தலைமாட்டில் குந்தினேன். துணியில் வாயின் ஓரமாக ஒரு ஈரத்திட்டு இருந்தது. நான் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் அகலமானது. எனக்கு இரண்டு பயம். தூக்கிப் பார்த்து அவர் வெறுமனே தூங்கிக்கொண்டிருந்தால் இந்த வீட்டில் எனக்கு இனி இடமில்லை. சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறியவள் என்று ஆகிவிடும். அது சின்னப் பயம். பெரிய பயம், துணிக்கு அடியில் அவர் முகம் இருக்காது என்பது. கரடிப்பொம்மை போட்ட துணிக்கு அடியில் பார்த்த முகம் இருக்கும். நான் சொல்வது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அந்த நேரத்தில் அந்த மண்டபத்தின் ஈரமண் வாசம் இந்த ஹவுசிங் போர்டுக் கூடத்தில் எனக்கு அடித்தது. முருகா, என்னைப் பிடித்துக்கொள், இந்த வீட்டில் வேறு யாரையும் பிடிக்காதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் துணியை இழுத்தேன்.

அத்தை விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றது பாதி சொருகியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, அந்த ஓரத்தில் எச்சில் வழிந்தது. அவர் திட்டவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. இடது கை பாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தது, வலது கை யாருடையதோ போலப் பக்கத்தில் கிடந்தது. எவ்வளவு நேரமாக அந்தத் துணிக்குள் விழித்தபடி கிடந்தாரோ. நான் சோற்றுப் பானையைத் திறந்து மூடிய சத்தமும், தேவி தூங்குது வுடு என்று சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்கும்.

நான் போட்ட கூச்சலில் மாடி முழுக்கத் திரண்டுவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள், அது வருவதற்குள் கீழே நிற்கிற ஆட்டோவில் போய்விடலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் எங்கள் படிக்கட்டு குறுகல், ஒருவரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு திரும்ப இடமில்லை. பெட்ஷீட்டை அத்தைக்கு அடியில் செருகித் தூக்கலாம் என்று நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். நைந்த பருத்தி, தலைப்பக்கம் சர்ரென்று கிழிந்தது. துணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் உதவியது என்று நினைக்கிறேன். ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து கம்பளியை இழுத்துப் போட்டேன். அந்துருண்டைகள் தரையில் உருண்டோடின. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, இன்னும் நூல் பிரியாத கம்பளி. அதில் அத்தையைக் கிடத்தி மூலைக்கு ஒருவராகப் பிடித்து இறக்கினோம். தலைமாட்டில் நான் பிடித்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும், முகத்தின் மேல் ஓரம் விழுந்துவிடாமல் கம்பளியை மடித்து மடித்து என் பக்கமாக இழுத்துக்கொண்டே இறங்கினேன்.

ராயப்பேட்டை வரை ஆட்டோவில் அவர் தலை என் மடியில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியதும் டாக்டர் முதலில் கேட்டது எப்போதிலிருந்து இப்படி என்றுதான். கூட வந்த தேவி, தன்னோடு பேசிவிட்டுத்தான் படியேறினார், அதற்குள் ஒரு மணிநேரம்கூட ஆகியிருக்காது என்று உறுதியாகச் சொன்னாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ஊசி போடுகிற நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். சாயங்காலம் வரை தூங்குகிறார் என்று விட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாபு ஓடிவந்தபோது அவர் சட்டையெல்லாம் சலவை சோப்பு வாசம். நான் சத்தியத்தை மீறிவிட்டேன் என்றேன். என்ன சத்தியம் என்று கேட்டார். அவருக்கு அது ஞாபகமே இல்லை.

வார்டில் அத்தையின் இடது கை சும்மா இருக்கவில்லை. போர்வையின் ஓரத்தைப் பிடித்து மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வரும்போதெல்லாம் அதை நெஞ்சுக்குக் கீழே இறக்கிவிட்டு, முகத்தை மூடாதீங்கம்மா, பார்க்கிற எங்களுக்குப் பக்குன்னு இருக்குல்ல என்று கடிந்துகொண்டார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். வாய் கோணியிருந்தாலும் அந்தப் பார்வை கோணவில்லை. உன்னைப் போல இன்னொருத்தி என்று அது சொன்னது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

வீட்டுக்கு வந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. கால் ஊன்றிச் சுவரைப் பிடித்து நடக்கிறார். வலது கைதான் இன்னும் பிடிக்குள் வரவில்லை. ஒற்றைக் கையால் துணியை இழுத்தால் ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் சரிகிறது. மதியம் படுப்பார், முகம் திறந்திருக்கும், கண் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூக்கம் வராது. ஈயை ஊதித் தள்ளுவார். மகனிடம் சொல்ல அவருக்கு மனமில்லை. என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பல மதியங்கள் அப்படி உரித்தேன். திறந்து பார்க்கத்தான் எனக்குத் தைரியம் உண்டு, மூடத் தைரியம் இல்லை.

போன வாரம் ஒருநாள் கூப்பிட்டார்.

“யோகா, கதவச் சாத்து.”

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது. அத்தையின் இடது கை இடுப்பளவில் கிடந்த பெட்ஷீட்டைத் தட்டிக் காட்டியது. நீலப்பூப் போட்டதுதான். கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருந்தேன். தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேனே அத்தை என்றேன். சூடம் அன்றைக்கே காற்றில் போய்விட்டது, சும்மா சாக்குச் சொல்லாதே என்றார். அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூட மண்டபம், கடை மடிப்புக் கலையாத துணிகள், தூக்கித் தூக்கிப் பார்த்தது, கரடிப்பொம்மை. சொல்லி முடித்த பிறகு அத்தை ஃபேனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். என்னைப் பாவம் என்றோ, அழாதே என்றோ சொல்லவில்லை.

“பயமாத்தான் இருக்கும். மூடு. நான் உள்ள கீறேன்னு உனக்குத் தெரிய வெக்கிறேன்.”

எழுந்து பரணிலிருந்து கம்பளியை எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பெட்ஷீட்டை இழுத்தேன். முதலில் கால். பிறகு கை, அந்த வலது கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்து மூடினேன். மடிப்பை நீவினேன். என் கைகளுக்கு வரிசை மறக்கவில்லை. கழுத்து வரை வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. அத்தை கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். இந்த உலகத்தில் நான் மூடிய முகம் இதுவரை ஒன்றுதான். அம்மா, என்னை மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, துணியை அத்தையின் நெற்றிக்கு மேலே கொண்டுபோய் விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. என் மூச்சும் நின்றுவிட்டது. பிறகு உள்ளிருந்து உஃப் என்று ஒரு ஊதல். வாய் இன்னும் கோணலாக இருப்பதால் காற்று ஒரு பக்கமாகத்தான் வந்தது. அந்தப் பக்கத்துப் பூ ஒன்று உப்பி எழுந்து அடங்கியது.

“தெரிஞ்சிச்சா?” என்று துணிக்குள்ளிருந்து கேட்டார்.

இன்னொரு தரம் என்றேன். இன்னொரு தரம் ஊதினார். பிறகு அவர் தூங்கிப்போனார், துணி தானாகவே குழிந்து எழ ஆரம்பித்தது. வெளியே சென்னை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் மலைக் கம்பளியை மடியில் போட்டபடி, வியர்த்து வழிய, அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.